கோலன் போட்ட கணக்கு வாத்தியார்

முதல்ல என் சோகக் கதை. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம். வெப்சைட் பக்கங்களைத் தேட, திருத்த, வெளியிட சில டூல்கள். அதையெல்லாம் மனுஷனுக்குப் பதிலா ஒரு ஏஐ ஏஜென்ட் பயன்படுத்தணும். ரிவ்யூவுக்கு முதல் நாள், ஒரு பழைய பக்கத்தை மறைச்சு வைக்கச் சொன்னோம். ஏஜென்ட் அதை ஒரேயடியா அழிச்சிடுச்சு.

தப்பு என்னோடதுதான். டூல் விளக்கத்துல பக்கத்தை நீக்கும்னு ஒரே வரி எழுதியிருந்தேன். பார்வையிலிருந்தா, டேட்டாபேஸிலிருந்தா? சொல்லவே இல்லை. ஏஜென்ட் நம்ம கோடைப் பார்க்காது. டூலோட பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தரணும், இவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி தேடிப் படிச்சதுல கிடைச்சவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன். இதே பிரச்சினையோட வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டின நம்ம ஊர்க்காரர்.

1892ல் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயசுலயே அப்பா இறந்துட்டார். பேச்சுல திக்கல் இருந்தது, அதை விடாமுயற்சியால ஜெயிச்சார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படிச்சு, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரின்னு பாடம் நடத்தினார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். நூலகப் பயிற்சி எதுவும் கிடையாது. வேலையில சேர்ந்த சில நாளிலேயே தனிமை தாங்காம, வாத்தியார் வேலையே போதும்னு திரும்பி வந்து கேட்டார். லண்டன் போய்ப் படிச்சிட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலைன்னா பார்க்கலாம்னு சமாதானம் பண்ணி அனுப்பினாங்க.

லண்டனில் பல நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். உலகத்துல உள்ள பாடங்களையெல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஆளுக்கொரு எண் கொடுத்து வைப்பதுதான் அப்போதைய வழக்கம். புதுசா ஒரு பாடம் வந்தா அதுக்கு உட்கார இடமிருக்காது. அந்த நேரத்துல ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை நட்டு போல்ட் போட்டு எத்தனையோ விதமா சேர்க்கலாம். பாடங்களையும் இப்படித் துண்டுகளாப் பிரிச்சுச் சேர்த்தா என்ன? சேர்க்கிற நட்டு போல்ட்டா அவர் எடுத்தது கோலன் குறி. 1933ல் கோலன் கிளாசிஃபிகேஷன் புத்தகமா வந்தது.

எங்க பெரிய காஞ்சிபுரத்துப் பாஷையில் சொன்னா இப்படி. கடையில இருக்கிற ஒவ்வொரு பட்டுப்புடவைக்கும் தனிப்பெயர் வச்சா, பழைய கடைக்காரர் லீவு போட்ட அன்னைக்கு வியாபாரம் படுத்துடும். உடல் அரக்கு, கரை பச்சை, முந்தானையில் மாங்காய்னு பிரிச்சுச் சொன்னா, நேத்து சேர்ந்த பையன்கூட எடுத்துக் கொடுத்துடுவான். ரங்கநாதனும் பின்னாட்களில் அஞ்சு கேள்வியா இதை வகுத்தார்: மையப் பொருள் எது, எதால் ஆனது, என்ன செயல் நடக்குது, எங்கே, எப்போ.

இதுக்கு நடுவுல 1931ல் நூலகத்துக்கு அஞ்சு விதிகள் எழுதினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் இருக்கார், அவரோட நேரத்தை வீணாக்காதேன்னு போகும் அதன் சாரம். அதே வருஷம் மன்னார்குடி பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பினதும் இந்த எண்ணத்துல இருந்துதான். 1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலயும் அவர் உழைப்பு இருக்கு. பிறகு காசி, டெல்லின்னு வேலை பார்த்து, 1962ல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்துல நூலகப் பேராசிரியர் பதவிக்கு மனைவி சாரதா பெயரும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். 1972 செப்டம்பர் 27ல் மறைந்தார்.

அவர் முறை எல்லா இடத்திலும் ஜெயிக்கலை, அதையும் சொல்லணும். குறிகள் கஷ்டமா இருந்தது. பதிப்புக்குப் பதிப்பு மாத்தினதால நூலகங்கள் திணறின. உலகத்துல அதிகம் ஓடுறது இன்னும் டியூயி முறைதான். ஆனா ஆன்லைன் கடையில் நிறம், விலை, சைஸ்னு ஃபில்டர் போடும்போது நாம தொடுறது அவர் யோசனையைத்தான்.

எனக்குப் பட்டது ஒண்ணுதான். புத்தகத்துக்கு அட்டை எழுதறவர், வாசகர் வந்து தேடும்போது பக்கத்துல நிக்க மாட்டார். தெரிஞ்சதையெல்லாம் அந்த அட்டையிலேயே வச்சிட்டுப் போகணும். டூல் விளக்கமும் அப்படியே. மறுநாள் விடியறதுக்குள்ள எல்லாத்தையும் திருப்பி எழுதினேன்: இந்த டூல் என்ன செய்யும், என்ன செய்யாது, திரும்பப் பெற முடியுமா, எப்போ வேற டூலைக் கூப்பிடணும், வேலை முடிஞ்சா என்ன பதில் வரும். ஒரு வரி கோடைக்கூட மாத்தலை. ஏஜென்ட் இந்தத் தடவை மறைக்கிற டூலையே எடுத்தது.

ஆகஸ்ட் 12, அவர் பிறந்தநாளை ஒட்டி தேசிய நூலகர் தினம். அடுத்த தடவை காலேஜ் லைப்ரரிக்குப் போனா, புத்தக முதுகுல ஒட்டியிருக்கிற எண்ணைக் கொஞ்சம் நின்னு பாருங்க. உங்களைப் பார்க்காமலே உங்களுக்காக யாரோ எழுதி வச்சது அது.