யார் இந்த மெண்டல்? பட்டாணிச் செடியில் போட்ட கணக்கு திண்டிவனம் மல்லாட்டைக்கும் நம்ம குடும்பத்துக்கும் எப்படிப் பொருந்துது?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுறவங்களுக்கு டி.எம்.வி ரகங்கள் பழகின பேர். டி.எம்.வி என்றால் திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. பயிர் ரகம் உருவாக்குற இந்த வேலைக்கெல்லாம் அடிப்படைக் கணக்கைப் போட்டவர், கிரிகோர் மெண்டல் என்ற துறவி.

விவசாயி மகன்

1822-ல், இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். 1838-ல் மரம் விழுந்து அப்பாவுக்கு பலத்த காயம். படிப்பே நின்னுபோற நிலைமை. தங்கை தெரேசியா, தன் கல்யாணத்துக்கு வைத்திருந்த சீர்ப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அண்ணனைப் படிக்க வைத்தார். பின்னாளில் தங்கையின் பிள்ளைகள் படிக்க மெண்டல் உதவினார்.

1843-ல் புருனோ நகர மடத்தில் சேர்ந்தார். ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு முறை முயன்றும் தேறவில்லை. ஆனால் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை சுமார் 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார்.

என்ன கண்டுபிடித்தார்?

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் ஒட்டு சேர்த்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமப் போச்சுன்னு நினைக்கத் தோணும். ஆனால் அந்த விதைகளை மறுபடி விதைத்தபோது கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

இதைத்தான் பள்ளியில் ஒரு பண்புக் கலப்பு என்று படிக்கிறோம். ஒரு குணத்துக்கு இரண்டு பிரதிகள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. வெளியே தெரிவது ஓங்கு பண்பு. மறைந்திருப்பது ஒடுங்கு பண்பு. மறைந்தது அழிவதில்லை, இரண்டு மறைந்த பிரதிகள் சேர்ந்தால் வெளியே வந்துவிடும். அந்தப் பிரதியை இன்னைக்கு ஜீன் என்கிறோம்.

கண்டுகொள்ளாத உலகம்

1865-ல் இதை அறிஞர்கள் முன் வாசித்தார். 1866-ல் அச்சானது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1868-ல் மடத்தின் தலைவரானார். நிர்வாக வேலையும் அரசோடு வரித் தகராறும் நேரத்தை எல்லாம் தின்றன. 1884-ல் இறந்தார். 1900-ல்தான் மூன்று விஞ்ஞானிகள் அதே முடிவுக்குத் தனித்தனியாக வந்து, மெண்டல் முன்பே சொல்லிவிட்டதை உலகுக்குக் காட்டினார்கள்.

மல்லாட்டைக்கு என்ன சம்பந்தம்?

பட்டாணி மாதிரியே மல்லாட்டைப் பூவும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். அதனால் தேர்ந்தெடுத்த நல்ல செடியின் குணம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். 1940-ல் வந்த டி.எம்.வி 2, இப்படித் தேர்வு செய்து எடுத்த ரகம். இரண்டு ரகத்தை ஒட்டு சேர்க்கணும்னா, மொட்டில் உள்ள மகரந்தப் பைகளை மாலையிலேயே நீக்கிட்டு, மறுநாள் காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவணும்.

நம்ம குடும்பத்தில்?

தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை ரெண்டுமே ஒற்றை ஜீன் நோய்கள். அப்பா, அம்மா இருவரிடமும் ஒரு மறைந்த பிரதி இருக்கலாம். இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு குழந்தைக்கு வந்துட்டதால அடுத்ததுக்கு வராதுன்னு இல்லை. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான்.

மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டும்போது, இருவரும் ஒரே மறைந்த பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. நோய் வந்தால் அம்மாவை மட்டும் குத்தம் சொல்றது சரியில்லை. இந்த நோய்களில் ஒரு பிரதி அப்பாவிடமிருந்தும் வந்தே ஆகணும்.

குடும்பத்தில் இந்த நோய்கள் இருந்தால், கல்யாணத்துக்கு முன்போ, குழந்தைக்குத் திட்டமிடும்போதோ டாக்டரைப் பாருங்க. மறைந்த பிரதி இருக்கான்னு ரத்தப் பரிசோதனையிலேயே தெரிஞ்சுக்கலாம்.