சாமுவேல் கமாக்கா

சாமுவேல் கமாக்கா (1890 - 1953) ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த இசைக்கருவிக் கைவினைஞர் ஆவார். நான்கு நரம்புகளைக் கொண்ட சிறிய கருவியான உகுலேலேயைச் செய்வதில் பெயர் பெற்றவர். அன்னாசிப்பழ வடிவ உகுலேலேயை உருவாக்கியவர் இவரே.

பின்னணி

1879 ஆம் ஆண்டில், போர்த்துக்கலின் மதீராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலில் ஹவாய் வந்தோருள் மரவேலை அறிந்த மூவர் இருந்தனர். தம் ஊரின் மச்செட்டே என்னும் சிறுகருவியைத் தழுவி அவர்கள் செய்ததே உகுலேலே. அம்மூவருள் ஒருவரான மானுவல் நூனெசிடம் தொழில் பயின்றவர்களுள் கமாக்காவும் ஒருவர்.

வீட்டுப் பட்டறை

1916 இல் ஹொனலுலுவின் கைமுக்கி பகுதியில் இருந்த தமது வீட்டின் அடித்தளத்தில் கமாக்கா தனியொருவராகப் பட்டறை தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்கா எங்கும் உகுலேலே மோகம் பரவியிருந்தது. அதே 1916 இல், சந்தையைக் கைப்பற்றும் நோக்கில் சியர்ஸ் வணிக நிறுவனம் ஹார்மனி என்ற இசைக்கருவித் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கியது. இத்தகைய போட்டிக்கு எதிரே கமாக்காவிடம் இருந்தவை கைத்திறனும், ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் கோஆ மரமுமே. மெல்லிய கோஆப் பலகையை ஈரமாக்கிச் சூட்டில் வளைத்து உடலின் பக்கங்களைச் செய்வதே இத்தொழிலில் கடினமான பகுதி. சற்றுப் பிசகினால் பலகை பிளந்துவிடும்.

அன்னாசி வடிவம்

வழக்கமான உகுலேலே கித்தார் போல் இடை ஒடுங்கியது. 1920களில் கமாக்கா இடையே இல்லாத நீள்வட்ட உடலை அமைத்தார். ஓவிய நண்பர்கள் அதன்மீது அன்னாசிப்பழத் தோற்றத்தை வரைந்ததால் அப்பெயர் நிலைத்தது. 1928 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒலி சற்று நிறைவாக இருப்பது இதன் சிறப்பு.

பிற்காலம்

மகன்கள் சாமுவேல் (இளையவர்), பிரெடெரிக் ஆகியோரைப் பள்ளிச் சிறுவர்களாக இருந்தபோதே தொழிலில் பழக்கினார். 1952 இல் ஓய்வு பெற்ற கமாக்கா, 1953 டிசம்பரில் காலமானார். பூச்சியியலில் முனைவர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த மூத்த மகன், படிப்பைக் கைவிட்டுத் தந்தையின் பட்டறையை ஏற்றார். அவரது காலத்தில் செவிப்புலன் இழந்த பலர் அங்கு வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். பலகையைத் தட்டி, அதன் அதிர்வை விரல்நுனியால் உணர்ந்தே அவர்கள் தடிப்பைக் கணித்தனர்.