ஜோசப் பிரதர்டன்: புலால் மறுப்பும் பொதுவாழ்வும்

இங்கிலாந்தின் டார்பிசயரில் 1783-இல் பிறந்த ஜோசப் பிரதர்டன், தம் குடும்பத்துப் பருத்தி ஆலையில் பங்குதாரராக விளங்கியவர். சால்ஃபோர்டில் வில்லியம் கௌஹர்டு 1809-இல் தோற்றுவித்த விவிலியக் கிறித்தவத் திருச்சபை, புலாலையும் மதுவையும் விலக்குதலைச் சமய நெறியாகவே வகுத்தது. அந்நெறியை ஏற்ற பிரதர்டன், 1819-இல் ஆலைத்தொழிலைத் துறந்து திருச்சபைப் பணியில் முழுமையாக ஈடுபட்டார். அவர்தம் துணைவியார் மார்த்தா 1812-இல் மரக்கறிச் சமையல் நூலொன்றை வெளியிட்டார்.

1832-இல் சால்ஃபோர்டின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரான பிரதர்டன், 1857-இல் மறையும்வரை அப்பொறுப்பில் நீடித்தார். ஆலைத்தொழிலாளரின் வேலைநேரத்தைக் குறைக்கவும் மரணதண்டனையை ஒழிக்கவும் அங்கு வாதாடினார். 1847-இல் ராம்ஸ்கேட்டில் மரக்கறி உணவாளர் சங்கம் உருவான கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆலை உரிமையாளராக இருந்தவர் ஆலைத்தொழிலாளர்க்காகப் பேசியமை, அவரது உயிரிரக்கம் உணவுக்கட்டுப்பாட்டளவில் நின்றுவிடவில்லை என்பதைப் புலப்படுத்துகிறது.