மோனோபோலிக்கு முதல் சொந்தக்காரி: எலிசபெத் மேகி (1866–1948)

லீவு விட்டால் நம்ம பிள்ளைங்க பகடை உருட்டி, இடம் வாங்கி, வாடகை வசூல் பண்ணி விளையாடுவாங்களே, அந்த பிசினஸ் ஆட்டத்துக்கு மூலம் மோனோபோலி. மோனோபோலிக்கு மூலம் ஒரு பெண்ணின் யோசனை.

எலிசபெத் மேகி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பத்திரிகை நடத்தியவர். மகள் சுருக்கெழுத்து வேலை பார்த்துச் சொந்தக் காலில் நின்றார். டைப்ரைட்டரில் காகிதம் சுலபமாகப் போக ஒரு வழி கண்டுபிடித்து, 1893-லேயே காப்புரிமை வாங்கினார்.

சிலர் மட்டும் நிலத்தை வளைத்துப் போட்டால், வாடகை கொடுப்பவர் கை எப்படிக் காலியாகும்? இதை விளையாட்டிலேயே புரிய வைக்கலாம் என்று 'நிலச் சொந்தக்காரர் ஆட்டம்' ஒன்றை உருவாக்கினார். 1904 ஜனவரி 5-ல் அதற்கும் காப்புரிமை கிடைத்தது. பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனியிடம் கொண்டு போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1921-ல் உரிமைக் காலம் முடிந்தது. அவர் விடவில்லை. ஆட்டத்தில் மாற்றம் செய்து 1924-ல் புது உரிமை வாங்கினார்.

அதற்குள் ஆட்டம் வீடு வீடாகப் பரவிவிட்டது. ஜனங்க கையாலேயே பலகை வரைந்து, தங்கள் ஊர்த் தெருப் பெயர்களைப் போட்டு விளையாடினார்கள். அப்படி நண்பர்களிடம் கற்றுக்கொண்ட சார்லஸ் டாரோ, தன் கண்டுபிடிப்பு என்று சொல்லி 1935-ல் அதே பார்க்கர் பிரதர்ஸுக்கு விற்றார். கம்பெனி மேகியின் உரிமையையும் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்கும் பெட்டிக்கு இவ்வளவு என்று பங்கு கிடையாது. டாரோ கோடீஸ்வரர் ஆனார். மேகி 1936-ல் தன் பழைய பலகைகளைப் பத்திரிகைக்காரர்களிடம் காட்டினார். பலன் இல்லை. 1948-ல் காலமானார்.

1970-களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பேராசிரியர் 'ஆன்ட்டி மோனோபோலி' என்று ஒரு ஆட்டம் வெளியிட, அந்தப் பெயரால் வழக்கு வந்தது. ஆதாரம் தேடியபோது மேகியின் காப்புரிமை அவர் கையில் சிக்கியது. அந்தக் காகிதம்தான் மேகியின் பெயரை மீட்டுக் கொடுத்தது.

சகோதரிகளே, நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, விளையாடும் முறைக்கு மட்டும் காப்புரிமை கிடையாது. ஆனால் வரைந்த படத்துக்கும் எழுதிய விதிகளுக்கும் பதிப்புரிமை உண்டு. பெயரை வணிகச் சின்னமாகப் பதியலாம். அந்த அலுவலகம் அயனம்பாக்கத்துக்கு எட்டாத தூரமில்லை, கிண்டியில்தான் இருக்கு. ஆட்டமோ, பொம்மையோ, பை டிசைனோ, யோசனை சொன்னவர் பெயரைத் தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. வெளியாளிடம் காட்டுவது அதற்கப்புறம்தான். கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்க: ஒவ்வொரு விற்பனையிலும் நமக்குப் பங்கு உண்டா? பெட்டி மேல் நம்ம பெயர் வருமா? மேகிக்கு இந்த இரண்டும்தான் கிடைக்காமல் போனது.