நவாபின் விலங்குகளும் பல்போர் என்ற வைத்தியரும்

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள காந்தி பூங்காவில் மாலை வேளைகளில் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் காற்று வாங்கியிருப்பதை நாம் காண்கின்றோம். அங்கு விளையாடும் பிள்ளைகள் புலியொன்றை நேரில் காண்பதாயின் தெஹிவளை வரை பயணிக்க வேண்டும். ஆனால், பொதுப் பூங்காவினுள்ளேயே மிருகக்காட்சிசாலை அமைந்து, கட்டணமின்றி எவரும் நுழையக்கூடியதாயிருந்த நகரமொன்று கடலுக்கு அப்பால் இருந்தது. அது சென்னை. அதற்கு வித்திட்டவர் எட்வர்ட் கிரீன் பல்போர்.

ஸ்கொட்லாந்தின் மொன்ட்ரோஸ் நகரில் 1813 இல் பிறந்த பல்போர், 1834 இல் இந்தியா வந்து இராணுவத்தில் உதவிச் சத்திர வைத்தியரானார். பாரசீகமும் உருதுவும் கற்றார். சேப்பாக்கம் அரண்மனையில் ஆர்க்காட்டு நவாப் குலாம் கௌஸ் கானிடம் ஆங்கில அரசின் முகவராகப் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1850 இல் திருவல்லிக்கேணியில் முஸ்லிம் பொது நூலகம் தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1851 இல் ஆரம்பமான சென்னை நூதனசாலையின் முதற் பொறுப்பாளரும் அவரே. பாடம் செய்யப்பட்ட உடல்களை விட உயிருள்ள விலங்குகளைக் காணவே சனங்கள் திரள்வதை அவர் அவதானித்தார். நவாபை அணுகினார். நவாப் தம்மிடமிருந்த விலங்குகள் அனைத்தையும் வழங்கினார். 1855 இல் எழும்பூரில், நூதனசாலை வளவிலேயே மிருகக்காட்சிசாலை உருவாகியது. ஓராண்டில் அங்கு 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருந்தன. 1860களில் அது நகரசபையின் பொறுப்பில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரும் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. நூதனசாலையைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிசாலையை உயிர்க் காலேஜ் என்றும் சென்னை மக்கள் அழைத்தனர். அறிஞர் எவரும் இதனை விடப் பொருத்தமான பெயர் சூட்டியிருக்க முடியாது.

வாரி வழங்கிய நவாப் அதே 1855 இல் வாரிசின்றி மறைந்தார். ஆங்கில அரசு நவாப் பதவியையே ஒழித்தது. அரண்மனையும் அரசின் கைக்குப் போயிற்று. மிருகக்காட்சிசாலையின் வரலாற்றில் கேட்டவரின் பெயர் முன்னிற்க, கொடுத்தவரின் பெயர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பது எமக்கு வருத்தமளிக்கின்றது.

பல்போர் மகப்பேற்று நூலொன்றை உருதுவில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளைத் தமது சொந்தச் செலவில் அச்சிடுவித்தார். ஆண் வைத்தியரிடம் செல்லவியலாத பெண்களின் நிலையை எடுத்துரைத்துப் பெண்களுக்கும் மருத்துவக் கல்வி வேண்டுமென வாதாடினார். 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

1889 டிசெம்பர் 8 இல் பல்போர் இலண்டனில் காலமானார். மிருகக்காட்சிசாலை 1985 இல் வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பட்டது. பழைய பூங்கா நிலத்தில் ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கும் நிற்கின்றன. நவாபின் சேப்பாக்கம் அரண்மனையில் அரச அலுவலகங்கள் இயங்குகின்றன.