கோட்டையூர் ரோஜா முத்தையா

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பாட்டனார் காலத்துத் தமிழ்ப் புத்தகங்கள் இன்றும் பரணிலே கிடக்கின்றன. பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்வதால், அவற்றைப் பிரித்துப் பார்ப்போர் அருகிவிட்டனர். வீடு மாற்றும் நாளில் அவை பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறுகின்றன. ஆதலின், பழந்தாளையே செல்வமாகக் கருதிய ஒருவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் கூற விழைந்தோம்.

காலஞ்சென்ற ரோஜா முத்தையா அவர்கள் 1926-ஆம் ஆண்டு காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரிலே பிறந்தவர். இளமையில் சென்னைக்குச் சென்று, பெயர்ப்பலகை எழுதும் தொழில் புரிந்தார். அந்நாளில் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி மூர் மார்க்கெட் இருந்தது. 1985-இல் அது தீக்கிரையாயிற்று; நாம் புறநகர் வண்டி ஏறும் மூர் மார்க்கெட் வளாகம் அமைந்திருப்பது அந்த இடத்திலேதான். அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் அவரைப் பற்றிக்கொண்டன. பின்னர்த் தம் ஊருக்கே மீண்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் சேகரத்திற்கே ஈந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களை விரும்பித் திரட்டியவர் வேறு சிலரும் உண்டு. முத்தையா அவர்களோ பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், கடிதங்கள், புகைப்படங்கள் யாவற்றையும் ஏற்றார். காட்சி முடிந்தவுடன் காலடியில் மிதிபடும் நாடக நோட்டீசை எவர் பத்திரப்படுத்துவார்? ஆயினும், எந்த ஊரில், எந்த நாளில், எந்த நாடகத்தை எவர் நடித்தனர், கட்டணம் யாது என்பதற்கு அத்தாளினும் சிறந்த சான்று வேறொன்றில்லை.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வியல்பைக் காண்கிறோம். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பழைய நூல்களையும், ஆட்டக்காரர் கையொப்பமிட்ட பந்துகளையும் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் உளர். 1909-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிகரெட்டுப் பெட்டிக்குள் இனாமாக வைக்கப்பட்ட ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் படஅட்டை ஒன்று, 2022-இல் எழுபத்திரண்டரை லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஆனால் சந்தை விலை ஏறியபின் சேர்ப்பது எளிது. எவரும் விலை வையாத தாளைச் சேர்ப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அறை அறையாகக் காகிதம் நிறையும் வீட்டில் குடித்தனம் நடத்திய இல்லத்தாரின் பொறுமையையும் நாம் மறக்கலாகாது!

நம் பகுதியையே எண்ணிப் பாருங்கள். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அந்த எல்லைக் கிளர்ச்சிக் காலத்துத் துண்டுப் பிரசுரம் ஒன்றேனும் நம் வீடுகளில் இருக்கிறதா? நம் சங்கத்தின் முதல் ஆண்டு விழா அழைப்பிதழ் எவரிடம் இருக்கிறது? இருப்பின், சங்கச் செயலாளரிடம் காட்டுமாறு வேண்டுகிறோம்.

முத்தையா அவர்கள் 1992-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற நூல்களும் தாள்களும் ஏறத்தாழ ஒரு லட்சம். தனி மனிதர் சேகரம் அவரோடு சிதறிப்போவதே பெரும்பாலும் நிகழ்வது. இதுவோ தப்பியது. சிகாகோ பல்கலைக்கழகம் முழுவதையும் விலைக்கு வாங்கியது. தமிழருடைய செல்வத்திற்கு அயல்நாட்டார் பணம் தரவேண்டியதாயிற்றே என்று நாணுவது இயல்பே, நாமும் நாணினோம். எனினும், அவர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994-இல் சென்னை முகப்பேரிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் தோன்றிற்று. நைந்த நூல்கள் நுண்படச் சுருளில் பதிவாயின.

அந்நூலகம் பிற்காலத்தில் தரமணிக்கு மாறியது. இங்கிருந்து செல்வோர் சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் அப்பக்கம் போய்ச் சேரலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க.