புழுவுக்கு இலை தேடிய மரியா

 

பட்டாம்பூச்சி என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். புழு என்றால் மட்டும் ஐயோன்னு ஓடுவோம். அந்தப் புழுவை வீட்டிலேயே வைத்து வளர்த்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

அவர் பெயர் மரியா சிபில்லா மெரியன். 1647-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் பிறந்தார். அப்பா புத்தகம் அச்சடித்து வெளியிடுபவர். மரியாவுக்கு மூணு வயசு இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டவர் ஓர் ஓவியர். மரியாவுக்குப் பூ வரையச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

13 வயதில் மரியா பட்டுப்புழுக்களைக் கவனிக்க ஆரம்பித்தார் (என்னைவிட ஒரு வயசு சின்னவர்!). அப்புறம் மற்ற புழுக்கள். அந்தக் காலத்தில் பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகின பொருளிலிருந்தும் தானாகவே உண்டாகும் என்று படித்தவர்களே பலர் நம்பினார்கள். மரியா தன் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார். புழுவைப் பெட்டியில் விட்டு, தினமும் இலை போட்டு, எப்போ தோல் உரிக்குது, எத்தனை நாளில் கூட்டிலிருந்து வெளியே வருது என்று பார்த்துப் பார்த்து எழுதி வைத்தார்.

அதில் ஒரு கஷ்டம் உண்டு. எந்த இலையைப் போட்டாலும் புழு தின்றுவிடாது. பல புழுக்களுக்குக் குறிப்பிட்ட செடிதான் சாப்பாடு. அது கிடைக்கலேன்னா பட்டினி கிடந்து செத்தாலும் சாகுமே தவிர வேறு இலையைத் தொடாது. அதனால் மரியா இலை தேடி அலைந்தார். சில கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாக ஈயும் குளவியும் வந்தன. அதையும் மறைக்காமல் வரைந்தார்.

1679-ல் அவருடைய புழுப் புத்தகம் 50 படங்களோடு வெளிவந்தது. அதுவரை பலரும் பூச்சியை மட்டும் தனியாக வரைவார்கள். மரியாவோ புழு, கூட்டுப்புழு, சிறகு முளைத்த பூச்சி எல்லாவற்றையும் அது தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

1699-ல், 52 வயதில், தன் படங்களை விற்றுப் பணம் சேர்த்து, சின்ன மகள் டொரோத்தியாவோடு கப்பலேறி தென் அமெரிக்காவில் உள்ள சூரினாமுக்குப் போனார். அங்கிருந்த தோட்ட முதலாளிகளுக்குக் கரும்புதான் எல்லாம். பூச்சி தேடி வந்தவரைக் கேலி செய்தார்கள். காட்டில் வழி வெட்டிக் கொடுத்தவர்களும் செடிகளைப் பற்றிச் சொன்னவர்களும் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள்தான். அவர்கள் பெயரை மரியா புத்தகத்தில் எழுதாதது எனக்கு வருத்தமே.

காய்ச்சலில் விழுந்து 1701-ல் திரும்பினார். 1705-ல் 60 படங்களுடன் சூரினாம் புத்தகம் வந்தது. உயிரினங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் பின்னாளில் அந்தப் படங்களைப் பயன்படுத்தினார். 1717 ஜனவரி 13-ல் ஆம்ஸ்டர்டாமில் மரியா காலமானார். யூரோ வருவதற்கு முன்னால் ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் அவர் படம் இருந்தது.

இப்போ நம்ம பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பூச்செடி மட்டும் வைத்தால் பட்டாம்பூச்சி தேன் குடித்துவிட்டுப் பறந்துடும். முட்டை வைக்க இலை வேணும். எருக்குச் செடியில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். சரக்கொன்றையில் வெளிர்மஞ்சள். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் கறுப்பும் மஞ்சளும் கலந்த பெரிய பட்டாம்பூச்சி. அதன் குட்டிப்புழு பார்க்கக் காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும்.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி உள்ள கறிவேப்பிலைச் செடியில் புழு விழுந்திருக்கு, மருந்து அடிக்கணும் என்று பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து அடிக்க வேண்டாம். அந்த இலைதான் நம்ம சாம்பாருக்கும் வருது! சமையல் ஆயா மேல்கிளையில் பறித்துக்கொள்ளட்டும், கீழ்க்கிளை இரண்டை மட்டும் விட்டுக் கொடுங்கள். மதில் ஓரத்து எருக்கையும் வெட்டாதீர்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். பச்சைப் புழு ஏழு இருக்கு.